63-3ஐ வச்சு டிசம்பர் 3ஐ நியாயப்படுத்தாதீங்க

நேத்து, 2023 டிசம்பர் 30, அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல ஆரஞ்ச் பவுல்ங்கிற ஆட்டம் முடிஞ்சதுல இருந்து ஃபோன் ஓயல. எல்லாரும் அனுப்புறது ஒரே ஸ்கோர்தான். ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3. கூடவே "இப்பவாச்சும் ஒத்துக்கோ, கமிட்டி பண்ணது சரிதான்"னு ஒரு வரி. சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற நாலு டீம் பிளேஆஃபுக்கு டீம் தேர்ந்தெடுக்கிற கமிட்டி, டிசம்பர் 3ஆம் தேதி எங்க ஃப்ளோரிடா ஸ்டேட்ட விட்டுட்டு அலபாமாவ எடுத்துச்சே, அதத்தான் சொல்றாங்க. அனுப்பினவங்கள்ல சில பேரு இந்த சீசன்ல ஒரு ஆட்டம்கூட முழுசா பாக்காதவங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னு இங்கயே எழுதிடறேன், ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்ல தெம்பு இல்ல.

அதுவரைக்கும் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம், 13 வெற்றி. முதல் ஆட்டமே எல்எஸ்யூவோட, 45-24ன்னு அடிச்சாங்க. அந்த எல்எஸ்யூவோட குவார்ட்டர்பேக் (பாஸ் போட்டு ஆட்டத்த நடத்துற ஆள்) ஜேடன் டேனியல்ஸ்தான் இந்த வருஷம் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினவர். கிளெம்சன அவங்க மைதானத்துலயே ஓவர்டைம்ல 31-24ன்னு தோக்கடிச்சாங்க. அலபாமா என்ன பண்ணாங்க? செப்டம்பர்ல சொந்த ஊர்ல டெக்சஸ்கிட்ட 34-24ன்னு தோத்தாங்க, ஆபர்னோட ஆடும்போது நாலாவது டவுன்ல, அதாவது கடைசி வாய்ப்புல, 31 யார்டு போகணும்ங்கிற நிலமைல கடைசி நேரத்துல ஒரு பாஸ் மாட்டித் தப்பிச்சாங்க. சரி, கடைசியில ஜார்ஜியாவ 27-24ன்னு ஜெயிச்சது பெரிய வெற்றிதான், அத நான் மறுக்கல. ஆனா டிசம்பர் 3ஆம் தேதி கமிட்டிக்காரங்க 13 பேரு ஒரு ஹோட்டல்ல உக்காந்து பேசி, தோத்த டீம நாலாவதா உள்ள விட்டுட்டு தோக்காத டீம அஞ்சாவதா வெளிய நிறுத்தினாங்க. 2014ல பிளேஆஃப் ஆரம்பிச்சதுல இருந்து பவர் ஃபைவ்னு சொல்ற அஞ்சு பெரிய கான்ஃபரன்ஸ்ல (டீம்கள் சேர்ந்து ஆடுற லீக்) ஒண்ணுல தோல்வியே இல்லாம சாம்பியன் ஆன ஒரு டீமுக்கு இப்படி நடந்ததே இல்ல. முதல் தடவை இவங்களுக்குத்தான்.

ஆடி ஜெயிச்சத விட, இனிமே எப்படி ஆடுவாங்கன்னு நீங்க நினைக்கிறது எப்படிப் பெருசாச்சு? நூத்துக்கு நூறு வாங்கின பையன்கிட்ட, அடுத்த பரீட்சையில உனக்கு மார்க் குறையும்னு எங்களுக்குத் தோணுது, அதனால மேல் வகுப்பு கிடையாதுன்னு எந்த வாத்தியாராவது சொல்வாரா?

"ஜோர்டன் ட்ராவிஸ் இல்லாம அது வேற டீம்ப்பா" இதத்தான் எல்லாரும் சொல்றீங்க, கமிட்டி தலைவரும் இதத்தான் சொன்னார். ட்ராவிஸ்தான் எங்க முதல் குவார்ட்டர்பேக், நவம்பர்ல கால் உடைஞ்சவர். வேற டீம்தான், யாரு இல்லன்னு சொன்னா? அந்த வேற டீம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. ஃப்ளோரிடாவ அவங்க ஊருக்கே போய் 24-15ன்னு ஜெயிச்சுது. அந்த ஆட்டத்துல ரெண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு தலையில அடி, அதனால கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிற ப்ராக் க்ளென்ன இறக்கினாங்க, அந்தப் பையன் முதல்ல இருந்து ஆடுற முதல் ஆட்டமே அதுதான். அவன் திணறினான், பாஸ் ஒண்ணும் சரியா போகல, பாக்க அழகா இல்ல, எல்லாம் உண்மை. ஆனா எங்க டிஃபென்ஸ் எதிர் டீம் லூயிவில்ல, பந்தோட எல்லைக் கோட்டத் தாண்டிப் போடுற டச்டவுன் ஒண்ணுகூட போட விடல. 16-6. கோப்பை நம்ம கையில. ஒருத்தன் விழுந்தா மத்தவங்க தாங்குறதுதானே டீம்?

இன்னொண்ணு, 2014ல ஒஹாயோ ஸ்டேட்ட மறந்துட்டீங்களா? சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே முதல் குவார்ட்டர்பேக் காலி, மிச்சிகன் ஆட்டத்துல ரெண்டாவது ஆளும் காலி. மூணாவது ஆளா வந்த கார்டேல் ஜோன்ஸ் விஸ்கான்சின 59-0ன்னு அடிச்சார். அவங்க ஒரு ஆட்டம் தோத்திருந்தும் அதே கமிட்டி உள்ள விட்டுச்சு. உள்ள போய் அலபாமாவயும் ஓரெகனயும் ஜெயிச்சு சாம்பியனே ஆனாங்க. "அவங்க 59 போட்டாங்க, நீங்க 16 தானே"ன்னு வருவீங்க, தெரியும். எத்தன பாயிண்ட்ல ஜெயிச்சா வெற்றிக்கு மதிப்புன்னு முன்னாடியே எழுதி வச்சிருந்தா பசங்க அதுக்கேத்த மாதிரி ஆடியிருப்பாங்க.

"முக்கியமான ஆட்டக்காரர் இல்லன்னா அதக் கணக்குல எடுக்கலாம்னு விதியிலயே இருக்கே"ன்னு ஒரு நண்பர் லிங்க் அனுப்பியிருக்கார். இருக்கு. விதி இருந்தா அது நியாயம் ஆயிடுமா? அவ்வளவுதான் இதுக்கு என் பதில்.

"தஞ்சாவூர்ல இருந்து வந்தவனுக்கு இந்த ஆட்டத்துல என்னடா இவ்வளவு கோவம்"னு கேட்ட மாப்ளைக்கு. ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கிற டல்லஹாசிக்கு படிக்க வந்தப்போ எனக்கு இந்த ஆட்டத்துல ஒண்ணும் தெரியாது. எங்க டீமோட டோக் கேம்பல் ஸ்டேடியத்துல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த ஒரு பாட்டி, பழைய மாணவியாம், முழங்கால் மேல நாலு விரல வச்சு ஒவ்வொண்ணா மடக்கி, நாலு டவுன்ல பத்து யார்டு போகணும்னு சொல்லிக் குடுத்தாங்க. 2021 செப்டம்பர்ல ஜாக்சன்வில் ஸ்டேட்ங்கிற சின்ன டீம்கிட்ட கடைசி பாஸ்ல 20-17ன்னு தோத்தப்போ நான் அங்கதான் இருந்தேன். நேரம் முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கல, அந்தப் பாட்டி கைப்பைய மூடித் திறந்து மூடித் திறந்து அப்படியே உக்காந்திருந்தாங்க. அந்த வருஷம் முதல் நாலு ஆட்டமும் தோல்வி. அங்க இருந்து ரெண்டே வருஷத்துல 13-0க்கு வந்த பசங்க இவங்க. அதுக்கு அப்புறமும் கோவம் வரக்கூடாதுன்னா எப்படி?

இப்ப அந்த 63-3க்கு வரேன். நேத்து ஆடினது யாருன்னு பாத்தீங்களா? கியான் கோல்மன் இல்ல, ஜானி வில்சன் இல்ல, ட்ரே பென்சன் இல்ல, ஜாரட் வெர்ஸ் இல்ல. முக்கியமான இவங்களோட சேர்த்து, காயம், டிராஃப்ட் (புரொஃபஷனல் டீமுக்குப் போறது), வேற காலேஜுக்கு டிரான்ஸ்ஃபர்னு இருபது பேருக்கு மேல இல்ல. சாம்பியன்ஷிப் கனவ பிடுங்கிட்டு, ஒரு அர்த்தமும் இல்லாத ஆட்டத்துக்கு உடம்ப பணயம் வச்சு வான்னு கூப்பிட்டா யார் வருவாங்க? வராதவங்களயும் திட்டுறீங்க, வந்து ஆடின சின்னப் பசங்களயும் சிரிக்கிறீங்க. டிசம்பர் 3 முடிவோட விளைவுதான் 63-3. அதயே அந்த முடிவுக்கு சாட்சியா காட்டுறது அநியாயம்ங்க.

எனக்கு ஜார்ஜியாவோ ஸ்கோரோ வலிக்கல. நவம்பர் 18ஆம் தேதி நார்த் அலபாமா ஆட்டத்துல இடது கால் உடைஞ்சு ட்ராவிஸ வண்டியில ஏத்திட்டு போனாங்களே, அந்தப் பையன் கமிட்டி முடிவு வந்த அன்னிக்கு என்ன எழுதினான்னு படிச்சீங்களா? என் கால் இன்னும் முன்னாடியே உடைஞ்சிருக்கலாம், அப்பவாச்சும் இந்த டீம் குவார்ட்டர்பேக் மட்டும் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எழுதி, கடைசியில மன்னிப்பும் கேட்டிருந்தான். காலு உடைஞ்சவன் மன்னிப்பு கேக்குறான், முடிவெடுத்தவங்க கேக்கல. "அடுத்த வருஷம் பிளேஆஃப் 12 டீம் ஆயிடும், பிரச்சினை தீந்துடும்"னு ஆறுதல் சொல்றவங்களே, ட்ராவிஸுக்கு அடுத்த வருஷம் காலேஜ் ஆட்டம் ஏது? அது அவனுக்குக் கடைசி சீசன்.

நாளைக்கு ரோஸ் பவுல், பிளேஆஃப் அரையிறுதி, மிச்சிகனும் அலபாமாவும். வீட்டுக்கு வா, சேர்ந்து பாக்கலாம்னு கூப்பிட்டவங்க தப்பா எடுத்துக்காதீங்க. நான் வரல.