டிங் ஜுன்ஹுய் உலகச் சாம்பியன் ஆனாரா?

மேசைமேல் பந்துகளைக் கோலால் தட்டிக் குழியில் விழச்செய்யும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் சீன வீரர் டிங் ஜுன்ஹுய் 2016-இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள குருசிபிள் அரங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவ்வாண்டு அவர் இறுதிச் சுற்றை எட்டியது உண்மை; ஆசிய வீரர் ஒருவர் அந்த இறுதிச் சுற்று வரை வந்ததும் அதுவே முதல் முறை. ஆனால் தொடக்கத்திலேயே 0-6 எனப் பின்தங்கி, பிறகு விடாமல் துரத்தியும், 14-18 என்ற கணக்கில் மார்க் செல்பியிடம் தோற்றார். 18 வயதில், 2005-இல், ஸ்டீவ் டேவிஸை 10-6 என வீழ்த்தி வென்ற யு.கே. சாம்பியன்ஷிப் என்ற வேறொரு ஸ்னூக்கர் போட்டியுடன் இதைக் குழப்பிக்கொண்டார்கள் போலும். அந்தப் பட்டத்தை 2009-இலும் 2019-இலும் மீண்டும் வென்றார். சீனாவின் முதல் உலகச் சாம்பியன், 2025-இல் மார்க் வில்லியம்ஸை 18-12 எனத் தோற்கடித்த ஜாவோ சின்டாங்தான்.