மாநாடு முடிந்தபின் கட்டுரைகள் எங்கே போகின்றன?

கடந்த மாதம் ஒரே ஒரு கட்டுரையைத் தேடி இரண்டு முழு நாள்களைச் செலவிட்டேன். நான் பயன்படுத்தும் அளவீட்டு முறையை முதன்முதலில் விளக்கியது அந்த எட்டுப் பக்கக் கட்டுரைதான் என்று பின்னால் வந்த மூன்று ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருந்தன. மாநாட்டின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கிடைத்தன. கட்டுரை மட்டும் கிடைக்கவில்லை. மாநாட்டு இணையதளம் இருந்த முகவரியில் இப்போது வேறு யாரோ எதையோ விற்கிறார்கள். கடைசியில், அந்த மாநாட்டில் கலந்துகொண்ட ஒருவர், பதிவுப் பையோடு கொடுத்த குறுவட்டை அலமாரியிலிருந்து தேடியெடுத்து, அதைப் படிக்கக்கூடிய பழைய கணினி ஒன்றையும் கண்டுபிடித்துக் கோப்பை அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தால், மேற்கோள் காட்டிய மூவரில் இருவர் அளவீட்டின் அலகையே தவறாக எடுத்தாண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலக் கட்டுரை அவர்கள் கைக்கும் எட்டியிருக்காது.

அறிவியல் மாநாடுகளில் அளிக்கப்பட்ட கட்டுரைகளைத் திரட்டித் தரும் தொகுப்புகளை எல்லாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மாநாட்டுக் கட்டுரை என்றால் இதழ்க் கட்டுரைக்கு ஒரு படி கீழே என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணினி அறிவியலில் நிலைமை அப்படியில்லை. இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பு, 2017இல், இப்போது நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாட்டின் கட்டுரையாகத்தான் வெளிவந்தது. அந்தத் தொகுப்பு அனைவருக்கும் திறந்தே இருக்கிறது. ஒரு மாணவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் இன்றிரவே அதைப் படித்துவிடலாம்.

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. சியுர் என்னும் தளம் 1995 முதல் பயிலரங்குத் தொகுப்புகளை வெளியிட்டுவருகிறது. தன்னார்வலர்கள் நடத்தும் அத்தளத்தில் எழுதுபவருக்கும் கட்டணமில்லை, படிப்பவருக்கும் கட்டணமில்லை. கணினித் துறை மாநாடுகளை நடத்தும் யூசெனிக்ஸ் அமைப்பு தன் மாநாட்டுக் கட்டுரைகள் அனைத்தையும் 2008இல் திறந்துவிட்டது. கணினி மொழியியலுக்கு ஏசிஎல் ஆந்தாலஜியும், துகள் முடுக்கி இயற்பியலுக்கு ஜேக்கோவும் இதே பணியைச் செய்கின்றன. கட்டுரையை எழுதுபவருக்கும் மதிப்பாய்வு செய்பவருக்கும் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. அப்படி உருவான ஒன்றைப் படிக்க மட்டும் ஏன் கட்டணம்? வாசகரிடம் வாங்கிய தொகையை எழுதுபவர் தலையில் அப்படியே சுமத்தும் ஏற்பாட்டையும் என்னால் முழு மனத்தோடு வரவேற்க முடியவில்லை. கதவு இடம் மாறுகிறது, பூட்டு அப்படியே இருக்கிறது.

ஆனால் இணையத்தில் போட்டுவிட்டாலே திறந்தாயிற்று என்று எண்ணுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. 412 பக்கங்களும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, ‘ஃபைனல்-நியூ-2’ என்ற பெயரில், மாநாட்டுத் தளத்தின் ஒரு மூலையில் கிடக்கும். உள்ளே இருக்கும் 50 கட்டுரைகளுக்கும் தனித்தனி முகவரி இராது. தேடுபொறிக்கு அது ஒரே ஆவணம். ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் அகப்படாது. தளத்துக்கான ஆண்டுக் கட்டணத்தை யாராவது கட்ட மறந்தால் அதுவும் மறைந்துவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம், ஆசிரியர் பெயரும் சுருக்கமும் அடங்கிய மீத்தரவு, முகவரி மாறினாலும் கட்டுரையைக் கண்டடைய உதவும் டிஓஐ எண், மாநாட்டுக் குழு கலைந்த பிறகும் நிலைத்திருக்கும் ஒரு காப்பகத்தில் படி ஆகியவை இருந்தால்தான் அது வெளியீடு. டிஓஐ கூடத் தானாக எதையும் காப்பாற்றாது. தளம் மாறும்போது புதிய முகவரியை ஒருவர் பதிவுசெய்தாக வேண்டும்.

உரிமமும் அவ்வளவே முக்கியம். ஆய்வுக் கட்டுரைகளை அனைவருக்கும் திறந்துவிடக் கோரி 2002இல் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கை படிப்பதை மட்டும் பேசவில்லை. தரவிறக்க, படியெடுக்க, பகிர, அச்சிட, தேட, மென்பொருளுக்குத் தரவாகக் கொடுக்க எல்லாவற்றுக்கும் உரிமை கேட்டது. உரிமம் குறிக்கப்படாத கட்டுரையைப் படிக்கலாம், ஆனால் அதன் படத்தைப் பாடநூலில் சேர்க்கவோ அதை மொழிபெயர்த்து வெளியிடவோ ஆசிரியரைத் தேடி அலைய வேண்டும். கட்டுரையின் முதல் பக்க அடியில் மறுபயன்பாட்டுக்கு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒரு வரியில் எழுதினால் இந்த அலைச்சல் தீரும்.

திறந்துவிட்டால் தரம் தாழும் என்பார்கள். கணினி நிரல் தானாக எழுதிய பொருளற்ற கட்டுரைகள் 120க்கும் மேல் நீக்கப்பட்ட செய்தி 2014இல் வெளிவந்தபோது, அவை இருந்தது ஸ்பிரிங்கர், ஐஇஇஇ ஆகிய வெளியீட்டாளர்களின் சந்தாத் தொகுப்புகளில். கட்டணச் சுவர் அவற்றைத் தடுக்கவில்லை. தரத்தைக் காப்பது மதிப்பாய்வு; அதைச் செய்தவர்கள் யார், எத்தனை கட்டுரைகள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்பதைத் தொகுப்பின் முன்னுரையிலேயே வெளியிட்டுவிடலாம்.

இவற்றையெல்லாம் கட்டுரை அழைப்பு விடுக்கும் நாளிலேயே முடிவுசெய்ய வேண்டும். மாநாடு முடிந்தபின் ஒவ்வோர் ஆசிரியரிடமும் உரிமம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை இப்போது நேரில் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய பயிலரங்கின் 27 கட்டுரைகளை மீட்டு, தனித்தனிப் பக்கங்களாக ஒரு பொதுக் காப்பகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 24 பேர் ஒப்புதல் அனுப்பிவிட்டார்கள். இருவருடைய மின்னஞ்சல் முகவரிகள் செயல்படவில்லை. ஒருவர் மறைந்துவிட்டார், அவருடைய இணையாசிரியரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.