அந்தக் கட்டுரையில் பாலஸ்தீனம் ஒரே ஒரு பத்திதான்

எந்தப் பதிவு என்று சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் நர்சிங் மேற்படிப்புக்கு ஒரு பாலஸ்தீனப் பெண் எழுதிய விண்ணப்பக் கட்டுரையைத் தமிழில் போட்டிருந்தார்கள். கீழே முதல் ஆளாக வந்து "அழுகைக்கு அமெரிக்காவில் நல்ல விலை" என்று ஒருவர் எழுதுகிறார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பலர் நர்ஸ்கள். வெளியாள் சிரித்திருந்தால் கடந்து போயிருக்கலாம். வார்டில் நின்று கால் வீங்கியவர்கள் சிரித்ததுதான் தாங்கவில்லை.

கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா? அதில் பாலஸ்தீனம் வருவது ஒரே ஒரு பத்தியில். மற்றதெல்லாம் சர்க்கரை நோய், நோன்பு, மாத்திரை அளவு, பிரிட்ஜ்வியூ. சிகாகோவுக்குத் தென்மேற்கே இருக்கிற அந்த ஊரைக் குட்டிப் பாலஸ்தீனம் என்றே சொல்வார்கள். அங்கே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்க்கிற இவர், ஏன் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) ஆக வேண்டும் என்பதற்குச் சொல்லும் காரணம் தெளிவானது: மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் ஆர்.என்.னுக்குக் கிடையாது. அவர் இரக்கம் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு எழுதும் உரிமையைக் கேட்கிறார்.

ரமலானில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். க்ளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைக் காலையில் ஒரு வேளை போட்டுக்கொண்டிருந்தவர், நோன்பு நாளில் அதே அளவை சஹரில், அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்தில், போட்டுக்கொள்கிறார். மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. பிற்பகலில் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, ஆள் விழுகிறார். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து சோதித்தே பார்க்காதவர்கள் உண்டு. முறியாது என்று அவர்கள் நம்புகிற ஒருவர் அவர்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும்.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு வேளை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு வேளை என்றால் சஹர் அளவைக் குறைக்க வேண்டும். மூன்று வேளை மெட்ஃபார்மின் என்றால் இரண்டு பங்கு நோன்பு திறந்ததும், ஒரு பங்கு சஹரில். இதையெல்லாம் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஆர்.என்.னுக்கு இது அத்தனையும் தெரியும். தெரிந்தும் டாக்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வருவதற்குள் பாதி நோன்பு முடிந்துவிடும். நோன்பே வைக்காதீர்கள் என்று பொதுவாக ஒரு வரி பதில் வந்தால், நோயாளி தலையாட்டிவிட்டுப் போய் நோன்பு வைப்பார், பழைய அளவிலேயே.

மொழியும் அப்படித்தான். அவசரத்தைத் தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று ஒபாமா காலச் சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவின் கீழ் விதி இருக்கிறது. ஆனாலும் பாட்டியின் மாதவிடாய்க் கோளாறைப் பேரன் மொழிபெயர்த்துச் சொல்லும் கூத்து நின்றபாடில்லை. இந்த நிலைமையைத் தினமும் பார்க்கிறவர் "இந்த வேலையைச் செய்ய என்னைத் தகுதியாக்குங்கள்" என்று எழுதினால் அதன் பெயர் அழுகையா?

"எஸ்.ஓ.பி.யில் எல்லோரும் சோகம்தான் எழுதுவார்கள்" என்று ஒருவர் தீர்ப்பு சொல்லியிருக்கிறார். எஸ்.ஓ.பி. என்பது இந்த மாதிரி விண்ணப்பக் கட்டுரைதான். சோகத்தை மட்டும் எழுதிய விண்ணப்பம் எளிதில் தேறாது. ஏன் இந்தப் பிரிவு, எந்த மக்களுக்கு, இதுவரை என்ன செய்திருக்கிறாய், ஏன் இந்தக் கல்லூரி என்ற நான்குக்கும் சேர்க்கைக் குழு பதில் தேடும். "சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று ஆரம்பிக்கிற கட்டுரைகள் அங்கேயே சரிகின்றன, ஏனென்றால் அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இவர் நான்குக்கும் பதில் சொல்லியிருக்கிறார். குடும்ப மருத்துவ நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவு என்று பெயர் சொல்லியே கேட்டிருக்கிறார், காரணத்தோடு.

இன்னொரு கருத்து, இவரால் நம் பிள்ளைகளின் சீட் போகிறதாம். எந்தப் பிள்ளையின் எந்த சீட் என்று சொல்லுங்கள், பேசுவோம்.

சிலர் நாகரிகமாகவே கேட்டார்கள்: படிப்பு விண்ணப்பத்தில் நாட்டு அரசியல் எதற்கு? நியாயமான கேள்வி. பதில் அந்த ஒரு பத்தியிலேயே இருக்கிறது. கிழக்கு ஜெருசலேமில் மக்காஸத் மருத்துவமனை இருக்கிறது, அகஸ்டா விக்டோரியா இருக்கிறது. மேற்குக் கரையிலிருந்து கதிர்வீச்சு சிகிச்சைக்கு நோயாளிகள் வருவது அகஸ்டா விக்டோரியாவுக்குத்தான். மேற்குக் கரையில் வசிக்கிற நர்ஸ் அங்கே ஷிஃப்டுக்குப் போக இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். சோதனைச் சாவடி மூடினால் நர்ஸும் வர முடியாது, நோயாளியும் வர முடியாது. பெத்லகேமில் நர்சிங் படித்தவருக்கு அது அரசியல் பேச்சு இல்லை. இன்றைக்கு வார்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கணக்கு. அதை எழுதாமல் அவர் தன் வேலை அனுபவத்தை எப்படி எழுதுவார்?

இனி, ஆயிரம் லைக் வாங்கிய அந்தக் கேள்விக்கு வருகிறேன். "அவ்வளவு அக்கறை என்றால் ஊருக்குத் திரும்பிப் போய்ச் செய்யட்டுமே."

இதை எழுதியவர் என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) எழுதி வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். அவரை யாரும் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அப்படியிருக்க இந்தப் பெண் மட்டும் ஏன் கணக்குக் காட்ட வேண்டும்? பிரிட்ஜ்வியூவில் இருக்கும் சர்க்கரை நோயாளியும் மனுஷர்தானே?

வெளிநாட்டில் படித்த நர்ஸ் அமெரிக்காவில் நிற்பதற்கு என்னென்ன வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டுக்காக அலைந்தவர்கள் நீங்கள். பெரியவர் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, மனநலம் என்று ஒவ்வொன்றிலும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்தக் காகிதம் கல்லூரியிலிருந்து நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும், நம் கையால் கொடுத்தால் செல்லாது. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வம்பு. பாலஸ்தீனப் பெயரில் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என்று நான்கு பகுதி வரும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பட்டத்தில் ஒரு மாதிரி ஆங்கில எழுத்து. அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் என்கிளெக்ஸ் மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய 200 டாலரும் போகும்.

இப்போது இதையே காஸாவில் படித்த நர்ஸுக்கு நினைத்துப் பாருங்கள். காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் இருந்தது. 2023 அக்டோபரில் அதன் கட்டடங்கள் குண்டு போட்டு இடிக்கப்பட்டன. டிரான்ஸ்கிரிப்டில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டிய அலுவலகம் எங்கே? கையெழுத்துப் போட வேண்டியவர் உயிரோடு இருக்கிறாரா? நமக்குக் கிண்டியில் தாமதம் ஆனதற்கே எவ்வளவு புலம்பினோம். இவர் பெத்லகேமில் படித்ததால் காகிதம் வந்தது. காஸாவில் படித்த ஒரு தோழிக்கு வரவில்லை என்று அவர் எழுதிய ஒரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் சிரித்தீர்கள்.

அவர் கேட்கிற படிப்பும் சுலபமானதில்லை. நேரடி நோயாளி சிகிச்சைப் பயிற்சி முன்பெல்லாம் குறைந்தது 500 மணி நேரமாக இருந்தது, 2022-இல் வந்த தரநிலைப்படி 750. டி.என்.பி. (நர்சிங் முனைவர் பட்டம்) என்றால் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகான மருத்துவப் பயிற்சி மொத்தம் 1,000 மணி. அது முடிந்து தேசியச் சான்றுத் தேர்வு. சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலத்தில் டாக்டர் ஒப்பந்தம் இல்லாமல் தனியாக நோயாளி பார்க்க மேலும் 4,000 மணி நேர அனுபவமும் 250 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். இரக்கத்துக்காக யாரும் இதில் ஒரு மணியைக்கூடக் குறைக்க மாட்டார்கள். பணமும் சுருங்குகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற மேற்படிப்புக்கான அரசுக் கடன் இல்லை, மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான் அரசுக் கடன். தொழில்முறைப் பட்டம் என்றால் 50,000 வரை உண்டு. 2025 நவம்பரில் கல்வித் துறையின் பேச்சுவார்த்தைக் குழு ஒப்புக்கொண்ட வரையறையில் மருத்துவம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நர்சிங் இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் கொதித்தீர்கள்! நம் தொழிலை மதிக்கவில்லை என்று எழுதினீர்கள். அதே தொழிலில் மேலே படிக்கத் துடிக்கிற ஒருத்தியை நீங்களே இப்படி மதித்தால், வாஷிங்டனை எந்த வாயால் கேட்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனால் ஒரு வரியையும் அழிக்கப் போவதில்லை.

ஒரு வேண்டுகோள். பயிற்சி மணிகளுக்கு ப்ரிசெப்டர் (கிளினிக்கில் கூட வைத்துச் சொல்லித்தருபவர்) கிடைப்பதுதான் இந்தப் படிப்பின் பெரிய முட்டுக்கட்டை. பல கல்லூரிகள் மாணவரையே தேடிக்கொள்ளச் சொல்கின்றன. கிடைக்காவிட்டால் அந்த செமஸ்டர் தள்ளிப்போகும். சிகாகோ பக்கம் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கும் நம் ஆட்கள் இருக்கிறீர்கள். நடப்பு லைசென்ஸ், ஓராண்டாவது அனுபவம், முதல்நிலை சிகிச்சை கிளினிக், இவை இருந்தால் மூலப் பதிவின் கீழே அவருக்கு எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்க முடிந்தாலே அவருக்கு ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.