பேட்டரியை நேராக இணைப்பதில் உள்ள சிக்கல்

18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரியை, வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகையின் 5 வோல்ட் முனையில் நேராகக் கொடுத்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் பதறிவிட்டேன். நானும் அப்படித்தான் செய்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழிருந்தே அறிய ஒரு கருவி. இரண்டு நாள் ஓடியது. பிறகு சிவப்பு விளக்கு எரியும். வைஃபையில் இணையப் போகும் நொடியில் பலகை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிரலில்தான் பிழை என்று ஒரு வாரம் தேடினேன்.

காரணம், வரும் மின்னழுத்தத்தைச் சில்லுக்கேற்ற 3.3 வோல்ட்டுக்குக் குறைத்துத் தர பலகையிலேயே இருந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். அது தன் பங்காக ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முழு சார்ஜில் பேட்டரி தருவதே 4.2 வோல்ட், 3.7க்கு இறங்கினால் சில்லுக்கு மிஞ்சுவது 2.6தான். அதற்கு வேண்டியது குறைந்தது 3. 500 மில்லிஆம்பியர் தாங்கும், இழப்புக் குறைந்த வேறொரு ரெகுலேட்டரை 3.3 வோல்ட் முனையில் இணைத்து, ஒட்டினாற்போல், வைஃபை இணையும்போது எழும் திடீர் மின்தேவையைச் சமாளிக்க 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் பற்றவைத்தேன். அதன்பின் தொல்லையே இல்லை.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், கொள்ளளவு 9,800 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650ஐ வாங்கிவிடாதீர்கள். நல்ல தரமான பேட்டரியே 3,500 வாக்கில்தான் தரும்.

இன்னொன்று, மே மாத வெயிலில் மாடியில் வைத்து சார்ஜ் செய்யவே கூடாது. 45 டிகிரிக்கு மேல் லித்தியத்துக்கு ஆகாது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். நான் பேட்டரியைக் கழற்றிவந்து, கூடத்தில் கண்ணெதிரே வைத்துத்தான் சார்ஜ் செய்கிறேன்.