‘கோளாறு எதுவும் இல்லை’ என்று சொன்ன பிறகு

யோகோஹாமாவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், எனக்குப் பக்கத்து மேசைக்காரரின் மேல் இழுப்பறையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும்: லோக்ஸோனின் என்ற வலி மாத்திரையின் அட்டை, கறுப்புக் கண்ணாடி, நனைத்து நெற்றியில் வைத்துக்கொள்ள ஒரு சிறு துண்டு. ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கிவிட்டால், காலையில் வந்து உட்கார்ந்ததும் காற்றழுத்தத்தைக் கணித்துச் சொல்லும் செயலியைத்தான் அந்த அம்மா முதலில் திறப்பார். தலைவலிக்காரர்களுக்கென்றே உருவாக்கிய செயலி அது. அழுத்தம் மளமளவென்று இறங்கப்போகும் நேரங்களில் வெடிகுண்டுப் படம் போட்டுக் காட்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் குண்டு என்றால் இரண்டரைக்கே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். ஏழு ஆண்டுகளில் தலைவலி என்று சொல்லி அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு முறை அவசரப் படிக்கட்டில் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றவரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதற்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவர் ஒருவர் மட்டும் இப்படி என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சகாய், இகராஷி என்ற இரண்டு மருத்துவர்கள் நாடு தழுவி நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஜப்பானியர்களில் 8.4 விழுக்காட்டினருக்கு ஒற்றைத் தலைவலி இருப்பது தெரியவந்தது. பெண்களில் 12.9, ஆண்களில் 3.6. இதைவிட என்னை உறுத்துவது அதே ஆய்வின் வேறு மூன்று எண்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில், அன்றாட வேலை வெகுவாகக் கெடுகிறது என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 74 விழுக்காடு. மருத்துவரிடம் ஒரு முறைகூடப் போகாதவர்கள் ஏறத்தாழ 69 விழுக்காடு. தமக்கு இருப்பது ஒற்றைத் தலைவலிதான் என்று அறிந்தவர்கள் வெறும் 11.6 விழுக்காடு. பின்னர் தொத்தோரி மாநிலத்தின் தைசென் என்ற ஊரில் நடந்து 2004இல் வெளியான ஆய்விலும் பெரும்பாலானோர் மருத்துவரைப் பார்த்ததே இல்லை என்றுதான் தெரிந்தது. இவை பழைய கணக்குகள், மருந்துகள் மாறிவிட்டன, உண்மைதான். ஆனால் வலியைச் சொல்லாமல் வைத்திருக்கும் பழக்கம் மருந்துகளின் வேகத்தில் மாறிவிடவில்லை என்பதே என் எண்ணம்.

அந்தப் பழக்கத்தின் சுவடு மொழியிலேயே இருக்கிறது. ஜப்பானிய மொழியில் இந்த நோயின் பெயர் ‘ஹென்ஸுட்சூ’. ஒரு பக்கத்துத் தலைவலி என்று பொருள். நம்முடைய ஒற்றைத் தலைவலிக்கு அச்சு அசலான சொல். (இரண்டு மொழிகளிலும் பெயரே ஆளை ஏமாற்றுகிறது, பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும், அதனாலேயே தமக்கு இது இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.) ஆனால் பேச்சுவழக்கில் நோயாளியைக் குறிக்கும் சொல் வேறு: ‘ஸுட்சூமோச்சி’, அதாவது தலைவலி உடையவர். பணம் உடையவரைக் ‘கானெமோச்சி’ என்பார்கள், அதே ‘மோச்சி’தான் இது. பிறவியிலேயே கூட வந்த உடைமையைப் போல, குணத்தைப் போல, தலைவலி ஒருவரோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. உடைமைக்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்களா? ‘என் அம்மாவும் ஸுட்சூமோச்சிதான்’ என்று சொல்லி என் சக ஊழியரும் பல ஆண்டுகள் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்படியே யாராவது மருத்துவரிடம் போனாலும் பெரும்பாலும் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சை மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் சிடி, எம்ஆர்ஐ கருவிகள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஜப்பான் முன்னணியில் இருப்பதால், படம் எடுப்பது இங்கே எளிது. படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் ‘ஈஜோ நாஷி’ என்பார். கோளாறு எதுவும் இல்லை. மூளைக்கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை என்ற அளவில் அது நல்ல செய்திதான். ஆனால் ஒற்றைத் தலைவலி படத்தில் தெரிகிற நோயே இல்லை. எப்படி வலிக்கிறது, எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, குமட்டுகிறதா, வெளிச்சமும் ஓசையும் தாங்க முடிகிறதா என்று நோயாளியிடம் கேட்டுக் கேட்டே கண்டறிய வேண்டிய நோய் அது. நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஒருவரைப் படுக்கையில் கிடத்தக்கூடிய ஒன்றை, படம் சுத்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒன்றுமில்லை என்று முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. என் சக ஊழியருக்கு 29 வயதில் இப்படிச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த 12 ஆண்டுகள் அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. கோளாறு இல்லை என்று சொன்ன பிறகும் வலிக்கிறது என்று போய் நின்றால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கூசினாராம்.

இது இன்று தொடங்கிய கதையும் இல்லை. 1927இல் இறந்த எழுத்தாளர் அகுதாகவா ரியூனோசுகே தம் கடைசிக் காலத்துக் கதை ஒன்றில், பார்வைக்குள் அரைகுறையாக ஒளி ஊடுருவும் பற்சக்கரங்கள் சுழன்று, பெருகி, பாதிப் பார்வையை மறைத்து, சிறிது நேரத்தில் மறைந்து, அதன்பின் தலைவலி தொடங்குவதை எழுதியிருக்கிறார். ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் ஒளித்தோற்றத்துக்கு இதைவிடத் துல்லியமான வர்ணனையை நான் படித்ததில்லை. அந்தக் கதைசொல்லியிடம் கண் மருத்துவர் சொல்வது, புகைப்பதைக் குறையுங்கள் என்பது. புகைக்கத் தொடங்குவதற்கு முன்பே, இருபது வயதுக்குள்ளேயே சக்கரங்கள் தெரிந்தனவே என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான்.

மருத்துவரும் நோயாளியும் விட்டுவிட்ட இடத்தில் மருந்துக்கடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. புகழ்பெற்ற வலி மாத்திரை ஒன்றின் பழைய விளம்பரம், அதில் பாதி அன்பால் ஆனது என்று சொன்னது. இன்றும் இங்கே யாரைக் கேட்டாலும் அந்த வரியைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2011இலிருந்து லோக்ஸோனினும் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. கழுத்தும் தோளும் இறுகுவது இந்த வலியோடு சேர்ந்தே வரக்கூடியது என்றாலும், தோள் பிடிப்பால்தான் தலை வலிக்கிறது என்று நம்பி, பிடித்துவிடச் சொல்கிறார்கள், இரவில் கொதிக்கக் கொதிக்கத் தொட்டி நீரில் இறங்குகிறார்கள். வலி நடுவில் இருக்கும்போது இவை அதைக் கூட்டிவிடக்கூடும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், கலவை மாத்திரைகளை 10 நாளும் தொட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்பதை அட்டையில் இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

அலுவலகத்துக்கு வருகிறேன். உடல் நாற்காலியில் இருக்க, வேலை பாதிதான் நடக்கும் நாள்கள் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சட்டம் இல்லாமலும் இல்லை. மாதவிடாய் நாள்களில் வேலை செய்ய முடியாத பெண்களுக்கு விடுப்பு தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் தரச் சட்டமே சொல்கிறது. ஒற்றைத் தலைவலி பல பெண்களுக்கு அந்த நாள்களை ஒட்டித்தான் கடுமையாக வருகிறது. ஆனால் அரசின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த விடுப்பைக் கேட்டவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. உரிமையை ஏட்டில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து கேட்கும் பொறுப்பைக் கூச்சப்படுகிறவர் தலையில் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆகவேதான் முதல் அடியை நிறுவனம் எடுத்து வைக்க வேண்டும் என்கிறேன். ஃபுஜிட்சு நிறுவனம் 2019இல் தொடங்கி, பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தோடும் ஜப்பானியத் தலைவலிச் சங்கத்தோடும் சேர்ந்து, 70,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்குத் தலைவலி பற்றிய பாடம் நடத்தியது. தலைவலி உள்ளவர்களுக்கு மட்டும் நடத்தாமல் எல்லோருக்கும் நடத்தியதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பக்கத்து மேசைக்காரனான எனக்கும் அப்படி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், அன்று படிக்கட்டில் ‘தண்ணீர் வேண்டுமா’ என்று உளறாமல் அங்கிருந்த விளக்கையாவது அணைத்திருப்பேன்.

மருந்து இருக்கிறது, தாமதமாக வந்தாலும். தொடங்கிய வலியை அடக்கும் டிரிப்டான் வகை மருந்து ஐரோப்பாவில் 1991இலேயே வந்துவிட்டது, ஜப்பானில் 2000இல் ஊசியாகவும் 2001இல் மாத்திரையாகவும் கிடைத்தது. வலி வராமல் தடுக்கும் புதிய ஊசிகள் 2021இல் வந்தன. காப்பீடு போக நோயாளி கட்ட வேண்டிய பத்தில் மூன்று பங்கு, அவை வந்த காலத்தில் ஓர் ஊசிக்கு ஏறத்தாழ 13,000 யென் ஆனது. முந்தைய தடுப்பு மருந்துகள் பலிக்காமல், மாதத்தில் நான்கு நாளுக்குக் குறையாமல் ஒற்றைத் தலைவலி வந்துகொண்டிருப்பவர்களுக்குத்தான் அது.

போன ஆண்டு என் சக ஊழியர் ஒருவழியாகத் தலைவலி மருத்துவர் ஒருவரிடம் போனார். தலைவலி நாட்குறிப்பு ஒன்றைக் கொடுத்து, வலிக்கும் நாள்களைக் குறித்து வரச் சொன்னார்களாம். முதல் மாதத்துப் பக்கம் வெறுமையாக இருந்தது. வேலைக்கு வர முடியாத நாளை மட்டும் குறிக்க வேண்டும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். மருத்துவர் மறுபடி எழுதச் சொன்ன பிறகு, அடுத்த மாதத்தில் 13 நாள்கள் குறிக்கப்பட்டிருந்தன. இப்போது மாதம் ஒரு முறை அரைநாள் விடுப்பில் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். குண்டுப் படத்தை முன்புபோல் அடிக்கடி பார்ப்பதில்லை. விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் மட்டும் இன்னமும் ‘சொந்த அலுவல்’ என்றே எழுதுகிறார்.