கணக்குப் படித்தவர்கள் நோயாளிக்கு எதிரிகள் அல்லர்

கோவையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு கூட்டத்தில், மருத்துவமனைகளில் எம்பிஏ படித்தவர்கள் வேலை பார்ப்பதைத் தாக்கி ஒருவர் மேடையில் பேசிய காணொளியைப் பார்த்தேன். "மருத்துவமனையில் எம்பிஏ படித்தவனுக்கு என்ன வேலை? அவன் வந்த பிறகுதான் வைத்தியம் வியாபாரமாயிற்று" என்ற பேச்சும் அதற்குக் கிடைத்த கைதட்டலும் மூன்று நாட்களாக என் காதை விட்டுப் போகவில்லை. மருத்துவமனை நிர்வாகத்தில் எம்பிஏ முடித்து, ஒன்பது ஆண்டுகளாக ஈரோட்டில் ஒரு மருத்துவமனையின் நிதிப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். மருத்துவமனையில் கணக்குத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அந்த நட்டம் கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததே எங்கள் அய்யனின் (அப்பாவின்) மருத்துவமனை பில்லைப் பார்த்துத்தான். சிவகிரிப் பக்கம் மஞ்சள் போட்டுக்கொண்டிருந்த அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது 3 லட்ச ரூபாய்க்குக் காப்பீடு இருந்தது. அறை வாடகைக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு. அட்மிஷன் கவுண்டரில் இருந்த பையன் "ஷேரிங்கா, சிங்கிளா?" என்று மட்டும் கேட்டான். அய்யன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நாங்கள் 6,000 ரூபாய் அறையை எடுத்தோம். வாடகை வரம்பைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டதால், பாலிசி விதிப்படி மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்து, அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைத்தான் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தது. "ஏங் கண்ணு, ரூமுக்குத்தான வாடகை சேர்த்தி? ஆப்ரேசனுக்கு எதுக்குப் பாதி புடிச்சாங்க?" என்று அய்யன் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மருந்து, பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டுக் கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020ல்தான் சொன்னது. மற்றக் கட்டணங்களில் அந்தக் கழிவு இன்றும் இருக்கிறது. அன்று அந்தக் கவுண்டரில் இதை அறிந்த ஒருவர் இருந்து இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அம்மாவின் கை வெறுங்கையாக ஆகியிருக்காது.

"டார்கெட் வைப்பது உங்கள் ஆட்கள்தானே?" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு துறையும் இத்தனை ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்று எழுதிய தாளை நானும் பார்த்திருக்கிறேன். அது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது மருத்துவமனையில் முதலீடு போட்டவர்கள். அவர்களில் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பழி மட்டும் ஏன் எங்களுக்கு?

"நல்ல மருத்துவரே நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்வார்" என்பது அடுத்த வாதம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்று அதற்கு உதாரணமும் காட்டுவார்கள். அவர் மருத்துவர்தான். ஆனால் பணம் கட்டக்கூடியவர்களின் கட்டணத்தைக் கொண்டு, பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாக அறுவை செய்ய முடிந்தது, ஒவ்வொரு அறுவைக்கும் ஆகும் நேரத்தையும் செலவையும் அங்கே முறையாகத் திட்டமிட்டதால்தான். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் அதைப் பாடமாக வைத்ததும் அதற்காகவே. "நேற்று முளைத்த படிப்பு" என்பவர்களுக்கு, சிகாகோ பல்கலைக்கழகம் 1934லேயே மருத்துவமனை நிர்வாகத்தை முதுநிலைப் படிப்பாகத் தொடங்கிவிட்டது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே நிர்ணயித்த பேக்கேஜ் தொகை உண்டு. புண்ணில் சீழ் வைத்து நோயாளி நான்கு நாள் கூடத் தங்கினால் அந்தச் செலவு மருத்துவமனையுடையது. ஆகவே தொற்று வராமல் பார்ப்பதும் நிதிக் கணக்குத்தான். திட்டத்தில் வருபவர்களால் நட்டம் என்று சொல்லி, எங்கள் மருத்துவமனையில் சென்ற ஆண்டு அவர்களுக்கான படுக்கைகளைக் குறைக்க இருந்தார்கள். ஒரு வாரம் வார்டிலேயே உட்கார்ந்து, புண்ணுக்கு ஒரு கட்டுப் போட எத்தனை காஸ் துணி, எத்தனை ஜோடி கையுறை, செவிலியருக்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக் கூட்டிப் பார்த்தேன். சிகிச்சையில் நட்டமே இல்லை. காலையில் "வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொன்ன நோயாளி, டிஸ்சார்ஜ் குறிப்பு எழுதி முடியாததால் மறுநாள் வரை படுக்கையில் கிடந்ததில்தான் நட்டம் இருந்தது. அதைச் சரிசெய்தோம், ஒரு படுக்கைகூடக் குறையவில்லை. வைத்தியத்தை வியாபாரமாக்கியதா அந்தக் கணக்கு?

படிப்பில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளில் நான் படித்த செலவுக் கணக்குப் பாடங்களில் பெரும்பகுதி தொழிற்சாலைகளைப் பற்றியது. காப்பீட்டு உரிமைகோரலைப் பிழையில்லாமல் அனுப்ப ஒருவரும் கற்றுத்தரவில்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது பில்லுக்கான கடைசி ஒப்புதலைக் காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024ல் விதி வந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் கவுண்டரில் இல்லையென்றால் அந்த விதியால் நோயாளிக்கு என்ன பயன்? மேடையில் இதைப் பேசியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

அந்தக் காணொளியை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். எனக்குச் செலவுக் கணக்கு நடத்திய ஆசிரியர் இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரும் கைதட்டுகிறார்.