ராத்திரி டூட்டியில் எத்தனை பேர் இருந்தீர்கள்?

மனநல வார்டில் ஒருவரைக் கட்டிலோடு கட்ட வேண்டுமென்றால், பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவர் அனுமதி கொடுக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு பேண்டேஜ் துணியைக் கையில் எடுப்பது செவிலியர்தான். போனில் "சரி, பாத்துக்கங்க சிஸ்டர்" என்று பதில் வரும். கையெழுத்து காலை ரவுண்ட்ஸில் விழும். பல வருஷமாக இந்த வார்டுகளில் வேலை பார்க்கிறவள் நான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நல்ல சட்டம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 95ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் கூடாது என்று ஒரேயடியாகத் தடை செய்கிறது. தனி அறையில் அடைத்துப் பூட்டக் கூடாது என்கிறது 97. நோயாளிக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அந்த நேரத்தில் ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதுவும் தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட நீளக் கூடாது. எப்படிக் கட்டினோம், ஏன் கட்டினோம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நோயாளி தன் சார்பில் நியமித்திருக்கும் ஆளுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். மாதா மாதம், இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த யாரும் இதில் ஒரு வரியைக்கூட அதிகப்படி என்று சொல்ல மாட்டார்கள். கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள்.

அதே 97இல் இன்னொரு வாசகம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்பதை மட்டும் காரணமாக வைத்து யாரையும் கட்டக் கூடாது. எனக்கு இந்தச் சட்டத்திலேயே ரொம்பப் பிடித்த வரி இது. நடைமுறையில் நம்மை மாட்டிவைக்கிற வரியும் இதுதான். நிஜக் காரணம் ஆள் இல்லாததாக இருந்தாலும் அதை யாரும் எழுத முடியாது. எழுதினால் சட்டத்தை மீறியதாக நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அதனால் கேஸ் ஷீட்டில் எப்போதும் ஒரே வார்த்தைதான் வரும்: "வயலண்ட்".

ஒரு காலை, ராத்திரி டூட்டி சிஸ்டரிடம் இருந்து வார்டுப் பொறுப்பை வாங்கும்போது பார்த்தேன். ஐம்பது வயது தாண்டிய ஒருவர், இரண்டு கையும் கட்டிலோடு கட்டியிருந்தது. லுங்கி நனைந்திருந்தது. ஷீட்டைப் புரட்டினால் "வயலண்ட். ரெஸ்ட்ரெய்ன்ட். இன்ஜெக்‌ஷன் கிவன்." அவ்வளவுதான். எத்தனை மணிக்குக் கட்டினார்கள், யார் சொல்லி, நடுவில் அவிழ்த்தார்களா, தண்ணீர் கொடுத்தார்களா, ஒன்றும் இல்லை. கேட்டால், மனுஷன் யாரையும் அடிக்கவில்லை. மகளுக்கு போன் போட வேண்டும் என்று திரும்பத் திரும்ப கேட் பக்கம் போயிருக்கிறார். பிடித்து இழுத்ததும் கத்தியிருக்கிறார். வார்டு முழுக்க ஒரு ஸ்டாஃப், ஒரு அட்டெண்டர். இன்னொரு பக்கம் ஒருவருக்கு ஃபிட்ஸ். நேரத்தை எழுதுங்கள் சிஸ்டர் என்றேன். "எழுதினா நாளைக்கு நமக்குத்தான் பிரச்சினை" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் பேசுவதும் சட்டம் கொடுத்த உரிமைதான், 26ஆவது பிரிவு. அந்த ராத்திரி ஒரு போன் பேச வைக்க இன்னொரு ஆள் இருந்திருந்தால் கட்டுக்கே வேலை வந்திருக்காது.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு. கட்டிப்போட்டால் நர்சுக்கு வேலை மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் வேலை கூடத்தான் செய்யும். கட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்திருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். அமைதிப்படுத்த ஹாலோபெரிடாலும் ப்ரோமெத்தசினும் ஊசியாகப் போட்டுத் தூங்குகிறவர் என்றால் மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாக்கக் கிடப்பவர் வாந்தி எடுத்தால் புரையேறிப் போய்விடும். ஒவ்வொரு கையாக அவிழ்த்து அசைக்க வைக்க வேண்டும், ஒன்றுக்குப் போக வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டிய வேலை இது. ஆள் இல்லாமல் கட்டினவர்கள், கட்டின பிறகு பார்த்துக்கொள்ள ஆளுக்கு எங்கே போவார்கள்?

"கட்டிப் போட்டுடுங்க சிஸ்டர், எங்களால முடியல" என்று சொல்கிற குடும்பங்களையும் எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் தூங்காமல் வந்திருப்பார்கள். அவர்களிடம் சட்டம் பேச மாட்டேன். முதலில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பேன். அப்புறம் உட்காரவைத்து, கட்டினால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை, ஏன் என்று நீங்கள் கேட்கலாம் என்று சொல்வேன். சம்பந்தப்பட்டவருக்குத் தன் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையை 25ஆவது பிரிவு கொடுக்கிறது என்பதையும் சொல்வேன். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது.

செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பது நாமாக வளர்த்துக்கொண்ட பயம். மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 108ஆவது பிரிவு சொல்வது நிஜம்தான். ஆனால் நாளைக்கு விசாரணை என்று வந்தால் போனில் சொன்ன "சரி" யார் பக்கமும் நிற்காது. எத்தனை மணிக்கு போன் செய்தேன், டாக்டர் என்ன சொன்னார், எப்போது அவிழ்த்தேன் என்று நம் கையால் எழுதிய வரிதான் நிற்கும்.

ஆனாலும் பாரம் மொத்தத்தையும் செவிலியர் தலையில் வைத்துவிட்டுப் போவது நியாயம் இல்லை. மக்கள்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச வழிகாட்டுதல் அளவுக்குக் கொண்டுவர, சட்டம் தொடங்கிப் பத்து வருஷத்துக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. கணக்குப் போட்டால் 2028. ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களே நிரந்தரப் பணி கேட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருக்கிற மாநிலத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

அதுவரை ஒன்று செய்யலாம். இதற்குச் சட்டத்தைத் திருத்தவும் வேண்டாம். வாரியத்துக்குப் போகும் மாதாந்திர அறிக்கையில் ஒவ்வொரு கட்டுக்கும் எதிரே இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், டூட்டியில் எத்தனை பேர். "ஆள் இல்லாததால் கட்டினேன்" என்று எந்த நர்சும் எழுத வேண்டியதில்லை. ராத்திரி டூட்டியில் மட்டும், ஒரே ஆள் இருக்கும் வார்டுகளில் மட்டும் "வயலண்ட்" பெருகுகிறதா என்று வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்த பிறகு நோட்டீஸ் நர்சுக்கு வரக் கூடாது, பணியிடத்தை நிரப்பாமல் வைத்திருக்கும் நிர்வாகத்துக்குப் போக வேண்டும்.